பூக்காத செடிக்கு உரம் போடும் முன்

மாடித்தோட்டம் தொடங்கிய முதல் இரண்டு வருடங்களில் ஏறத்தாழ எல்லோரும் கேட்கிற கேள்வி இது. செடி நன்றாகத்தான் இருக்கிறது, இலை பச்சைப்பசேலென்று இருக்கிறது, ஆனால் ஒரு மொட்டுகூடக் காணோம். பக்கத்து வீட்டில் கேட்டால் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றச் சொல்வார்கள், நர்சரியில் கேட்டால் ஒரு பொட்டலம் உரத்தைக் கையில் கொடுப்பார்கள். இரண்டையும் போட்டபின் செடி இன்னும் ஒரு முழம் வளரும், பூ மட்டும் வராது. நான் ஒரு குண்டுமல்லியை இப்படியே மூன்று வருடம் வளர்த்தேன். அந்த மூன்று வருடத்தில் அதற்குப் போடாத உரம் இல்லை. கடைசியில் அதைப் பூக்க வைத்தவை இரண்டே வேலைகள்: தொட்டியை எட்டடி தள்ளி வைத்தேன், கிளைகளை ஒட்ட வெட்டினேன்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. பூக்காத செடியைப் பார்த்தால் உரத்தைத் தொடாமல், கீழே சொல்லும் வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவேன். வரிசையை மாற்ற வேண்டாம். செலவில்லாத, செடிக்குக் கெடுதல் வராத சோதனைகள் முதலில் வரும்படிதான் இதை வைத்திருக்கிறேன், பெரும்பாலான செடிகளுக்கு முதல் மூன்று நான்கு படிகளிலேயே காரணம் கிடைத்துவிடும்.

முதலில் வெயிலை எண்ணுங்கள்

"எங்க மாடியில் நல்ல வெயில்" என்று சொல்வது எளிது, தொட்டி இருக்கும் இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பது வேறு கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணியிலிருந்து மாலை 5 மணி வரை ஒரு மணிக்கு ஒருமுறை மேலே போய், எந்தத் தொட்டியில் வெயில், எதில் நிழல் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மல்லி, ரோஜா, செம்பருத்தி, காய்கறிகள் எல்லாவற்றுக்கும் நேர் வெயில் 6 மணி நேரமாவது வேண்டும், காகிதப்பூவுக்கு அதற்கும் மேலே கிடைத்தால் நல்லது. கனகாம்பரம் கொஞ்சம் நிழலிலும் பூத்துக்கொண்டிருக்கும். என் மல்லி, தண்ணீர்த் தொட்டிக்கும் படிக்கட்டு அறைச் சுவருக்கும் நடுவில் இருந்தது. எண்ணிப் பார்த்தபோது இரண்டரை மணி நேர வெயில்தான். அந்த வெயிலில் இலை வளரும், பூ வராது.

இந்தக் கணக்கை வருடத்தில் இரண்டு தடவை எடுக்க வேண்டும், சித்திரையில் ஒன்று, மார்கழியில் ஒன்று. நம் ஊரில் மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அப்போது தெற்குக் கைப்பிடிச் சுவரின் நிழல் மாடிக்குள் நீண்டு விழும். சித்திரையில் உச்சி வெயில் அடித்த அதே இடம் மார்கழியில் பகல் முழுக்க நிழலாக இருக்கலாம். கோடையில் நன்றாகப் பூத்த செடி குளிர்காலத்தில் ஏன் நின்றுவிட்டது என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பச்சை நிழல் வலை. ஏப்ரல், மே மாதங்களில் தக்காளியையும் கீரையையும் காப்பாற்ற அது தேவைதான், ஆனால் கட்டிய வலையை யாரும் திரும்பக் கழற்றுவதில்லை. 50 சதவீத வலை என்றால் பாதி வெளிச்சம் போய்விட்டது என்று பொருள். ஜூலையில் சுருட்டி வைத்துவிடுங்கள்.

அது எப்படிப் பிறந்த செடி?

வெயில் சரியாக இருக்கிறதென்றால் அடுத்து செடியின் வயதையும் பிறப்பையும் விசாரியுங்கள். விதையிலிருந்து வந்ததா, குச்சியா, பதியனா (கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விட வைத்துப் பிரித்தது), ஒட்டா (வேறொரு செடியின் தண்டில் கிளையைப் பொருத்தி வளர்த்தது)? சாப்பிட்டுப் போட்ட மாங்கொட்டை, பிழிந்து போட்ட எலுமிச்சை விதை இவை முளைத்து வளர்ந்தால் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் விதையில் வந்த எலுமிச்சை பூக்க நான்கைந்து வருடம் ஆகும், தொட்டியில் இன்னும் தாமதமாகும். அதுவரை முள்ளும் இலையுமாகத்தான் நிற்கும். அந்தச் செடிக்கு எந்தக் குறையும் இல்லை, அது இன்னும் குழந்தை, அவ்வளவுதான். பதியனோ ஒட்டோ, ஏற்கெனவே பூத்துக் காய்த்த மரத்தின் கிளையிலிருந்து எடுத்தது, அதனால் சீக்கிரம் பூக்கிறது. மாடியில் எலுமிச்சை வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஒட்டுச்செடியோ பதியன் செடியோ வாங்குங்கள்.

ரோஜாவில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, புதியவர்களில் நிறையப் பேர் இதில் ஏமாந்து போகிறார்கள். கடையில் வாங்கும் கலப்பின ரோஜா பெரும்பாலும் காட்டு ரோஜாத் தண்டின் மேல் ஒட்டுக்கட்டியது. அடித்தண்டில் ஒரு முடிச்சுபோல வீங்கியிருக்கும், சில செடிகளில் பிளாஸ்டிக் நாடாகூட அப்படியே சுற்றியிருக்கும். வாங்கும்போது நான்கு பூ பூத்திருந்த செடி, ஆறு மாதம் கழித்து நீளநீளமாகப் பச்சைக் குச்சிகளை விட்டுக்கொண்டு பூவே இல்லாமல் நிற்கிறதென்றால், அந்தக் குச்சி எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டு முடிச்சுக்குக் கீழேயிருந்து வந்தால் அது காட்டு ரோஜா. சாப்பாட்டையெல்லாம் அது இழுத்துக்கொள்ள, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரோஜா மேலே மெலிந்துகொண்டிருக்கும். இலையை வைத்தும் கண்டுபிடிக்கலாம் என்பார்கள்: நல்ல ரோஜாவில் ஓர் இலைக்கு 5 சிற்றிலை, காட்டு ரோஜாவில் 7. ஓரளவு உதவும், ஆனால் நன்றாக வளர்கிற நல்ல ரோஜாவும் சில நேரம் 7 காட்டும், அதனால் இலையைப் பார்த்து மட்டும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், கிளம்பும் இடத்தைப் பாருங்கள். கீழேயிருந்து வருவதுதான் என்று உறுதியானால் வெட்டாமல் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். வெட்டினால் அடியில் மிச்சமிருக்கும் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். பன்னீர் ரோஜா பெரும்பாலும் குச்சியிலிருந்து தன் வேரிலேயே வளர்வது, அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

பப்பாளியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பப்பாளியில் ஆண்மரம், பெண்மரம், இரண்டும் சேர்ந்த மரம் என்று மூன்று உண்டு, நாற்றைப் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. நீளமான காம்பில் கொத்தாகத் தொங்கிக்கொண்டு பூத்தால் ஆண். அதனால் ஒரே குழியில் மூன்று நாற்று வைத்து, பூ வந்தபின் பெண்ணையோ இருபால் மரத்தையோ வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள்.

ஒரு மாதம் எதையும் ஊற்றாமல் இருங்கள்

இந்தப் படி சும்மா இருக்க வேண்டிய படி, அதனாலேயே கடினமானது. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 7 சதவீதம், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) ஒன்றரை சதவீத அளவில்தான் இருக்கின்றன. அதை வாரம் ஒருமுறை ஊறவைத்து ஊற்றினால் செடிக்குக் கிடைப்பது பெரும்பாலும் இலை வளர்க்கும் சத்து. இலை கரும்பச்சையாக, பெரிதாக, தண்டு கொழுகொழுவென்று ஓடுகிறது, பூ இல்லை என்றால் நீங்கள் அதிகமாகக் கொடுக்கிறீர்கள். புண்ணாக்குத் தண்ணீர், மாட்டு எரு, யூரியா கலந்த எதுவாக இருந்தாலும் ஒரு மாதம் நிறுத்துங்கள். அப்புறம் மக்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி, வாழைப்பழத் தோல் சேர்த்து மக்க வைத்த உரம் இருந்தால் அது, இவ்வளவு போதும். அவரை, தட்டைப்பயறு மாதிரி பயறு வகைச் செடிகள் வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர்கள் மூலம் தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், அவற்றுக்குப் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றினால் கொடிதான் ஓடும்.

தாகம் வந்தால்தான் பூக்கும் செடிகள்

காகிதப்பூவுக்கு தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் கையை உயர்த்தினால் பாதிப்பேர் உயர்த்துவார்கள். தினமும் தண்ணீர் கிடைக்கும் காகிதப்பூ இலையாகத்தான் வளரும். சாலை நடுவே, யாரும் கவனிக்காத இடத்தில், மே மாத வெயிலில் அது எப்படிப் பூத்துக் குலுங்குகிறது என்று பார்த்திருப்பீர்கள். தொட்டியில் அதைச் செய்ய வழி இதுதான்: மழை இல்லாத நாட்களில், இலை லேசாகத் துவண்டு தொங்கும் வரை தண்ணீரை நிறுத்துங்கள், துவண்டதும் ஒரு முறை ஊற்றுங்கள், மறுபடி துவளும் வரை விடுங்கள். இரண்டு மூன்று சுற்று இப்படிப் போனதும் இளங்குச்சிகளின் நுனியில் நிறம் தெரிய ஆரம்பிக்கும். தொட்டியும் சின்னதாகவே இருக்கட்டும். வேர் நெருக்கமாக இருக்கும்போது அது நன்றாகப் பூக்கிறது, பெரிய தொட்டிக்கு மாற்றினால் அந்த வருடம் வேரும் இலையும் வளர்ப்பதிலேயே போய்விடும். நாம் பூ என்று ரசிக்கும் அந்த நிறத் தாள் உண்மையில் இலை வகையைச் சேர்ந்தது. உள்ளே குட்டியாக, வெளிர் மஞ்சளாகக் குழல்போல இருப்பதுதான் பூ.

மழைலில்லியும் இந்தக் கூட்டம்தான். வெங்காயத்தாள் மாதிரி மூன்று மாதம் சும்மா கிடக்கும், ஒரு நல்ல மழை பெய்தால் மூன்று நான்கு நாளில் தொட்டி முழுக்க இளஞ்சிவப்பாக நிமிர்ந்து நிற்கும். அதற்கு முன் மண் ஒருமுறை நன்றாகக் காய வேண்டும், தினமும் ஈரமாகவே வைத்திருந்தால் அந்த மாற்றத்தை அது உணராது. இரண்டு மூன்று வாரம் காயவிட்டுப் பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், நல்ல மழைக்கு இணையாக வராவிட்டாலும் பூக்கும். எலுமிச்சைத் தோட்டக்காரர்களும் சில வாரம் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாட விட்டு, அப்புறம் பாய்ச்சிப் பூவெடுக்கும் பழக்கம் உள்ளவர்கள்தான்.

ஆனால் இதை எல்லாச் செடிக்கும் செய்துவிடாதீர்கள். மொட்டு கட்டிய செம்பருத்தியையோ மல்லியையோ வாட விட்டால் அத்தனை மொட்டும் கொட்டிவிடும்.

கத்தரிக்கோலைக் கையில் எடுக்கத் தயங்காதீர்கள்

மல்லியில் மொட்டு வருவது புதுத் துளிரின் நுனியில்தான், பழைய முற்றிய குச்சியில் வராது. இதைப் புரிந்துகொண்டால் மல்லி வளர்ப்பில் பாதி வேலை முடிந்தது. பூந்தோட்டக்காரர்கள் நவம்பர் கடைசியில் குண்டுமல்லியைத் தரையிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் விட்டு மொட்டையாக வெட்டிவிடுவார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் அந்த வெட்டுதான் பிப்ரவரி, மார்ச்சில் ஆரம்பித்து ஜூன், ஜூலை வரை பூ கொடுக்கிறது.

வீட்டில் செய்ய: கார்த்திகை கடைசியில், அடைமழை விட்ட ஒரு வெயில் நாளாகப் பாருங்கள். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறையுங்கள். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த குச்சி, பென்சிலைவிட மெலிந்து பின்னிக்கிடக்கும் குச்சி எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட்டு, மிச்சமுள்ள நல்ல கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். மிச்சமிருக்கும் இலைகளையும் கையால் உருவிவிடுங்கள். பிறகு மேல்மண்ணைக் கிளறி, இரண்டு கைப்பிடி தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். தை மாதத்தில் துளிர் வரும்போது சில குச்சிகள் மட்டும் கொடிபோல வேகமாக நீளும், அவற்றில் பூ வராது, நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கத்தில் கிளைக்கும். பூ வர ஆரம்பித்தபின் ஒவ்வொரு சுற்றுப் பூவும் முடிந்ததும் பூத்த நுனியை இரண்டு கணு சேர்த்துக் கிள்ளினால் அடுத்த சுற்று சீக்கிரம் வரும்.

நான் முதல் தடவை வெட்டியபோது பயந்து அரைகுறையாக மேலாக வெட்டினேன். அந்த வருடம் மொத்தமே ஒரு முழம் கட்டும் அளவுக்குத்தான் பூ. மறு வருடம் ஒட்ட வெட்டினேன், மாசியில் தினமும் காலையில் பறிக்க ஒரு டம்ளர் போதவில்லை.

மார்கழியில் குண்டுமல்லி பூக்கவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம், அது ஓய்வெடுக்கும் காலம். சந்தையிலேயே அப்போது மல்லி விலை ஏறுவதற்கும் அதுதான் காரணம்.

ரோஜாவையும் இதேபோல மழை ஓய்ந்தபின் வெட்டலாம், வெட்டி ஆறேழு வாரத்தில் பூ வரும். வாடிய பூவைச் செடியிலேயே விடாதீர்கள், அதற்குக் கீழே 5 சிற்றிலை கொண்ட முதல் இலை உள்ள கணு வரை வெட்டி எடுங்கள்.

இரவு விளக்கு செய்யும் வேலை

எனக்கு மிகவும் பிடித்த புதிர் இது. தோட்டம் தொடங்கிய இரண்டாவது வருடம், மாசி மாதம், நாட்டு அவரை விதை நான்கு கிடைத்தது என்று உடனே ஊன்றிவிட்டேன். வைகாசிக்குள் பந்தல் முழுக்க மூடிவிட்டது. ஆனி போனது, ஆடி போனது, ஒரு பூ இல்லை. பிடுங்கிவிடலாம் என்று நின்றபோது பக்கத்து வீட்டுப் பாட்டி, "பிடுங்காதப்பா, அது மழை முடிஞ்சுதான் பூக்கும்" என்றார். கார்த்திகைக் கடைசியில் பூத்தது. அப்புறம் தை, மாசி வரை பறித்து முடியவில்லை.

பழைய பந்தல் அவரை, நாள் குறுகும்போது மட்டும் பூக்கிற வகை. அதாவது இரவு ஓர் அளவுக்கு மேல் நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். ஆடியில் விதைத்தாலும் மாசியில் விதைத்தாலும் பூப்பது ஏறத்தாழ ஒரே பருவத்தில்தான், இடைப்பட்ட மாதங்களில் கொடிதான் ஓடும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் இதை அனுபவத்தில் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். இப்போது கிடைக்கும் செடி அவரை ரகங்கள் பல எந்தப் பருவத்திலும் பூக்கும், விதை வாங்கும்போது பந்தல் அவரையா செடி அவரையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செடிகள் இரவின் நீளத்தை அளக்கின்றன என்பதற்கு வழிதிறந்தவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையில் இருந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர். கோடை முழுக்கப் பூக்காமல் ஆளுயரம் தாண்டி வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகம், குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் மட்டும் பூத்தது ஏன் என்று தேடிப்போய், பகலின் நீளம்தான் காரணம் என்று 1920 இல் எழுதினார்கள். நம் ஊரில் பகல் நீளம் பெரிதாக மாறாதே என்று தோன்றலாம். சென்னையில் மார்கழிப் பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம், ஆனி மாதத்தில் 12 மணி 50 நிமிடத்தைத் தாண்டும். இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் அவரைக்குப் போதுமானது.

சாமந்தியும் இப்படித்தான். அதனால்தான் ஓசூர் பக்கம் சாமந்திக்கு இரவில் விளக்குப் போட்டுப் பூவைத் தள்ளிப்போடுகிறார்கள், விலை கிடைக்கும் நாளுக்குப் பூ வரவேண்டும் என்றால் அதற்கேற்ப விளக்கை நிறுத்துவார்கள். அவர்கள் தெரிந்து செய்வதை நாம் வீட்டில் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறோம். மாடியில் விடிய விடிய எரியும் எல்இடி விளக்கு, எதிரே தெருவிளக்கு, இவற்றின் நேர் வெளிச்சத்தில் சாமந்தித் தொட்டியோ அவரைப் பந்தலோ இருந்தால் செடிக்கு இரவு நீளவே இல்லை. நடு இரவில் கொஞ்ச நேரம் விளக்குப் போட்டாலும் கணக்குக் கலைந்துவிடும். இரவு 8 மணிக்கு மேலே போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், அங்கே விழும் வெளிச்சத்தில் செய்தித்தாளைப் படிக்க முடிகிறதென்றால் ஐப்பசிக்கு முன்பே தொட்டியை இருட்டான மூலைக்கு மாற்றுங்கள், அல்லது விளக்கைத் திருப்பி வையுங்கள். பந்தலை மாற்ற முடியாது என்பதால் அவரை விதைக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

மொட்டு வருகிறது, கொட்டிவிடுகிறது

இது வேறு நோய், முந்தைய படிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். செம்பருத்தியில் மொட்டு மஞ்சளாகி விழுந்தால், விழுந்த மொட்டைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஊசிமுனை அளவில் பூச்சிகள் ஓடினால் இலைப்பேன். காம்பில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. வேகமான தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலை நேரத்தில் வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளியுங்கள். பூச்சி எதுவும் இல்லையென்றால் தண்ணீரை இஷ்டத்துக்கு ஊற்றியிருப்பீர்கள், இரண்டு நாள் மறந்து மூன்றாம் நாள் வாளியாகக் கொட்டுவது செம்பருத்திக்கு ஆகாது. மல்லி மொட்டு ஊதா நிறமாகி வளராமல் நின்றால் அது மொட்டைத் தாக்கும் ஈயின் வேலை, அந்த மொட்டுகளைப் பறித்து மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள், செடியடியிலேயே போட்டால் மண்ணுக்குள் போய் மறுபடி வரும்.

தக்காளி, மிளகாய் பூ ஏப்ரல், மே மாதங்களில் காம்போடு உதிர்வதற்கு நீங்கள் ஒன்றும் தப்பு செய்யவில்லை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி இரவிலும் புழுக்கம் இறங்காவிட்டால் தக்காளிப் பூவில் மகரந்தம் கெட்டுப்போகும். அந்த இரண்டு மாதமும் செடியைக் காப்பாற்றினால் போதும், காயை எதிர்பார்க்காதீர்கள். கத்திரியில் இன்னொரு விஷயம்: பூவின் நடுவில் சூல்தண்டு மஞ்சள் மகரந்தப் பைகளைத் தாண்டி நீண்டிருந்தால்தான் காய் பிடிக்கும், குட்டையாக உள்ளே மறைந்திருக்கும் பூக்கள் விழத்தான் செய்யும். எல்லாப் பூவும் காயாகவில்லையே என்று மருந்து தேட வேண்டாம்.

பூ உண்டு, காய் இல்லை

சுரை, பீர்க்கு, பூசணி, பாகல் வளர்க்கும் புதியவர்கள் முதல் பூவைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், மறுநாளே அது உதிர்ந்ததும் என்னிடம் ஓடிவருவார்கள். இந்தக் கொடிகளில் முதலில் வருபவை ஆண்பூக்கள். மெல்லிய நீளக் காம்பில் நிற்கும், கீழே பிஞ்சு இருக்காது. ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் அடியில் குட்டிக் காயோடு பெண்பூ வரும். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டைமேல் பூசணிப்பூ வைக்க விரும்புகிறவர்கள் ஆண்பூவாகப் பார்த்துப் பறித்தால் காய்க்கு நட்டம் இல்லை, ஆனால் நாலைந்தைக் கொடியில் விட்டுவையுங்கள்.

பெண்பூவும் வந்தது, பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழுகிறது என்றால் மகரந்தம் சேரவில்லை. நாலாவது மாடிக்குத் தேனீ அவ்வளவாக வராது, கையால்தான் சேர்க்க வேண்டும். இங்கே நேரம் தெரியாமல் பலர் தோற்றுப்போகிறார்கள். பூசணியும் பாகலும் விடியற்காலையில் விரியும், 6 மணியிலிருந்து 9 மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரிபவை. காலையில் போய் வாடிய சுரைப்பூவோடு போராடுவதில் பயனில்லை, மாலை 6 மணிக்குப் போங்கள், வெள்ளை வெளேரென்று விரிந்து நிற்கும். அன்றைக்கு விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாக மூன்று நான்கு முறை தடவுங்கள். சேர்ந்துவிட்டால் மூன்று நாளில் பிஞ்சு தடித்துத் தலைகீழாக இறங்க ஆரம்பிக்கும்.

சுரையில் ஆண்பூ மட்டுமே வந்துகொண்டிருந்தால் முதன்மைக் கொடியின் நுனியைப் பந்தல் உயரத்தில் கிள்ளுங்கள், பக்கக் கிளைகளில் பெண்பூ கூடுதலாக வரும்.

பூவே வேண்டாத செடிகளும் உண்டு என்பதை நடுவில் சொல்லிவிடுகிறேன். துளசியில் கதிர் வந்ததும் கிள்ளிவிட்டால் இலை தொடர்ந்து வரும். கறிவேப்பிலைக்கன்று பூங்கொத்து விட்டால் அதையும் கிள்ளுங்கள், முதல் இரண்டு வருடம் இலைக்குத்தான் அதை வளர்க்கிறோம். கொத்தமல்லி கோடையில் நாலு இலை விட்டதும் பூத்துவிடும், அதற்குச் சூடுதான் காரணம், ஐப்பசியில் விதையுங்கள்.

கடைசியாக நிஷாகந்தி

பிரம்ம கமலம் என்று சொல்லி நம் வீடுகளில் வளர்ப்பது இமயமலையில் பூக்கும் அந்தப் பூ கிடையாது. இது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி இனம், நிஷாகந்தி என்றும் பெயர். இலை என்று நினைக்கிறோமே, அது தட்டையான தண்டு, அதன் ஓரத்துப் பள்ளத்திலிருந்து மொட்டு வரும். மேலே சொன்ன வெயில் கணக்கு இதற்குப் பொருந்தாது. மரத்தடி வெளிச்சம் மாதிரி, காலை வெயில் கொஞ்சம் பட்டு மிச்ச நேரம் நிழலாக உள்ள இடம் வேண்டும். ஒரு துண்டை நட்டால் பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை அது நீளமான குச்சிகளை விட்டுக்கொண்டு கோணல்மாணலாகத் தொங்கும், அழகில்லை என்று வெட்டிவிடாதீர்கள், நான் அப்படி வெட்டி ஒரு வருடத்தை இழந்தேன். தொட்டியை மாற்றாதீர்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

மொட்டு தெரிந்ததிலிருந்து விரிய மூன்று நான்கு வாரம். அந்த நாட்களில் தொட்டியை நகர்த்தவே வேண்டாம், சின்ன மொட்டு கொட்டிவிடும். முதலில் தலைகுனிந்து தொங்கும் மொட்டு, பருத்து, கழுத்தை வளைத்து மேல்நோக்கி நிமிரும். வெள்ளை இதழ் நுனியில் லேசாகப் பிரிந்து தெரிந்தால் அன்று இரவுதான். 8 மணிக்கு மேல் மெதுவாக விரிய ஆரம்பித்து நள்ளிரவுக்குள் முழுதாகத் திறந்துவிடும், வாசனை மாடிப்படி வரை இறங்கும். விடிவதற்குள் துவண்டுவிடும் என்பதால் சாயங்காலமே பக்கத்து வீடுகளுக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள். எங்கள் மாடியில் அன்றைக்கு விளக்கேற்றி வைத்து, பாயை விரித்து, பத்து மணி வரை எல்லோரும் உட்கார்ந்திருப்போம்.